நாள் தள்ளிப் போயிருக்கிறதா? கார்டு டெஸ்ட்டை எப்போது, எப்படிப் பார்ப்பது

பீரியட்ஸ் இரண்டு நாள் தள்ளிப் போனாலே மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடும். குழந்தைக்காகக் காத்திருப்பவருக்கு அது ஒரு மாதிரியான படபடப்பு, இப்போதைக்கு வேண்டாமே என்று நினைப்பவருக்கு வேறு மாதிரி. ஆனால் இரண்டு பேரும் செய்வது ஒன்றுதான்: வேலை முடிந்து வரும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் கர்ப்பம் பார்க்கும் கிட் (கார்டு) ஒன்று வாங்கி, அன்று சாயங்காலமே பார்த்து, ஒரு கோடுதான் வந்தது, அப்போ ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த முடிவு தப்பாகப் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. கிட் பெரும்பாலும் சரியாகத்தான் வேலை செய்கிறது, பார்க்கிற நாளில்தான் கோட்டை விடுகிறோம். அதனால் முதலில் நாள் கணக்கு, அப்புறம் செய்முறை.

கிட் தேடுவது ஹெச்சிஜி என்ற ஹார்மோனை. கரு கர்ப்பப்பையில் ஒட்டிய பிறகுதான் அது உடம்பில் கணக்காக ஏற ஆரம்பிக்கும். கருமுட்டை வெளிவந்த நாளிலிருந்து கரு ஒட்டுவதற்கு 6 முதல் 12 நாள் வரை ஆகும், ஒட்டிய பிறகு அந்த ஹார்மோன் ஏறக்குறைய இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். முதலில் ரத்தத்தில் ஏறி, பிறகுதான் சிறுநீரில் கிட் கண்டுபிடிக்கிற அளவுக்கு வரும். சேர்ந்து இருந்துவிட்டு ஐந்தாம் நாள், ஆறாம் நாள் பார்த்தால் உலகத்திலேயே நல்ல கிட்டாக இருந்தாலும் ஒரு கோடுதான் காட்டும். நாள் தள்ளும் வரை பொறுத்துப் பார்த்தால் அதே கிட் வேறு பதில் சொல்லக்கூடும்.

இதை ஒரு உதாரணத்தோடு பார்த்தால் புரியும். இரண்டு பெண்களுக்கு மார்ச் 3ஆம் தேதி பீரியட்ஸ் ஆரம்பித்தது என்று வையுங்கள். ஒருவருக்கு 28 நாள் சுழற்சி, இன்னொருவருக்கு 35 நாள். முதலாமவருக்கு அடுத்தது மார்ச் 31ஆம் தேதி வரவேண்டும், கருமுட்டை வெளிவருவது சுமாராக மார்ச் 17. இரண்டாமவருக்கு அடுத்தது ஏப்ரல் 7, கருமுட்டை மார்ச் 24 வாக்கில். பொதுவாக அடுத்த பீரியட்ஸுக்கு 14 நாள் முன்னால்தான் கருமுட்டை வெளிவரும் என்பதால் இந்தக் கணக்கு. இப்போது இரண்டு பேரும் ஏப்ரல் 1ஆம் தேதி பார்த்தால், முதலாமவருக்குச் சரியான பதில் கிடைக்கும், இரண்டாமவருக்குக் கரு அப்போதுதான் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது இன்னும் ஒட்டியே இருக்காது. ஒரே தேதி, ஒரே கிட், ஆனால் அவருக்கு மட்டும் நெகட்டிவ். "மாசம் முடிஞ்சுபோச்சே" என்று காலண்டரைப் பார்ப்பதால் வருகிற குழப்பம் இது. உங்கள் சுழற்சி எத்தனை நாள் என்பதுதான் கணக்கு.

ஆக, சுழற்சி ஒழுங்காக வருகிறவர்கள், வரவேண்டிய நாள் தாண்டிய மறுநாள் காலையில் பார்க்கலாம். ஒரு வாரம் பொறுக்க முடிந்தால் இன்னும் நம்பகமாக இருக்கும். சில கிட்களில் "முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்" என்று போட்டிருப்பார்கள், பாசிட்டிவ் வந்தால் நம்பலாம், நெகட்டிவ் வந்தால் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருப்பவர்களுக்கும், சுழற்சி ஒரு மாதம் 30 நாள் இன்னொரு மாதம் 50 நாள் என்று வருகிறவர்களுக்கும் "தள்ளிப் போன நாள்" என்று ஒன்று கிடையாது. அவர்களுக்கு எளிதான வழி, கடைசியாகப் பாதுகாப்பு இல்லாமல் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் எண்ணிப் பார்ப்பது. ஐ-பில் என்ற அவசரக் கருத்தடை மாத்திரை போட்டவர்களுக்கும் இதே கணக்குதான், ஏனென்றால் அந்த மாத்திரையே பீரியட்ஸை முன்னே பின்னே தள்ளிவிடும், அதை வைத்துக் கர்ப்பம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. கல்யாணம், கிரகப்பிரவேசம், கோயில் பயணம் என்று நாளைத் தள்ளிப்போட மாத்திரை எடுப்போம் இல்லையா, அதை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். ஒரு வாரம் ஆகியும் வரவில்லை என்றால் "மாத்திரையோட எஃபெக்ட்" என்று விட்டுவிடாமல் ஒரு டெஸ்ட் பார்த்துவிடுங்கள். அதே மாதிரி, பீரியட்ஸ் வந்தது ஆனால் வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சமே கொஞ்சம் பட்டுவிட்டு நின்றுவிட்டது என்றாலும் பாருங்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் சிலருக்கு லேசாக ரத்தம் படும், அதைக் குளித்த கணக்கில் சேர்த்துவிட்டு இரண்டு மாதம் கழித்துத் தெரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குப் பீரியட்ஸ் திரும்ப வராமலே கரு தங்கலாம், சந்தேகம் வந்தால் காத்திருக்க வேண்டாம்.

கிட் வாங்கும்போது

தெரு முனை மெடிக்கல் ஷாப்பிலிருந்து பெரிய பார்மசி வரை எல்லா இடத்திலும் கிடைக்கிறது, டாக்டர் சீட்டு தேவையில்லை. ப்ரெகா நியூஸ், ஐ-கேன், வெலோசிட் என்று பல பெயர்களில் வருகின்றன, வேலை செய்யும் விதம் ஒன்றுதான், சாதாரண கார்டு பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். விலை அதிகமானதுதான் சரியாகக் காட்டும் என்றில்லை. இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் யூரின் டெஸ்ட் இலவசமாகவே பார்ப்பார்கள்.

கடையில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று எத்தனையோ பெண்கள் நாளைக் கடத்துகிறார்கள். வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்ணுக்கு, அந்தக் கடைக்காரர் தினமும் பார்க்கிற முகம். புரிகிறது. "யூபிடி கார்டு ஒண்ணு கொடுங்க" என்றால் போதும் (யூரின் ப்ரெக்னன்சி டெஸ்ட் என்பதன் சுருக்கம்), அவருக்கு அது பாராசிட்டமால் கேட்பது மாதிரிதான். தாலி இருக்கிறதா என்று கழுத்தைப் பார்க்கும் கடையாக இருந்தால் வேறு கடைக்குப் போங்கள், அல்லது ஆன்லைனில் வாங்குங்கள். யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

வாங்கியதும் காலாவதி தேதியைப் பாருங்கள், பை எங்காவது கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர் வெயிலும் புழுக்கமும் இந்தக் கிட்டுக்கு ஆகாது. அக்னி நட்சத்திரத்தில் வண்டி சீட்டுக்குக் கீழே ஒரு நாள் முழுக்கக் கிடந்த கிட்டை நம்பாதீர்கள். பாத்ரூம் அலமாரியிலும் வைக்க வேண்டாம், பீரோவுக்குள் வைத்தால் போதும். பயன்படுத்துகிற நேரத்தில்தான் பையைப் பிரிக்க வேண்டும், பிரித்து வைத்தால் ஈரம் உறிஞ்சிக் கெட்டுப்போகும்.

பார்க்கும் முறை

காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர்தான் நல்லது, ராத்திரி முழுக்கத் தேங்கியிருப்பதால் ஹார்மோன் அடர்த்தியாக இருக்கும். கோடை காலத்தில் நாம் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கிறோம், மதியம் பார்த்தால் சிறுநீர் தண்ணியாக இருந்து, தொடக்க நாட்களில் இருக்கிற கர்ப்பமே தெரியாமல் போகலாம். காலையில் ஒரே பாத்ரூமுக்கு ஐந்து பேர் வரிசையில் நிற்கும் வீடாக இருந்தால், மூன்று நான்கு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல், அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு வேறு நேரத்தில் பாருங்கள். நாள் தள்ளி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால் பெரும்பாலும் எந்த நேரத்தில் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

சுத்தமான, உலர்ந்த சின்ன கப் ஒன்றில் சிறுநீரைப் பிடியுங்கள். சோப்புத் தண்ணீர் ஒட்டிய டம்ளர் வேண்டாம். பையைப் பிரித்தால் உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் கார்டு, ஒரு சின்ன டிராப்பர், ஈரம் உறிஞ்சுவதற்கான ஒரு குட்டிப் பொட்டலம் இருக்கும், பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். கார்டைச் சமமான இடத்தில் படுக்க வையுங்கள், கையில் பிடித்துக்கொண்டு பார்க்காதீர்கள். ஒரு ஓரத்தில் வட்டமான சின்னக் குழி இருக்கும், பக்கத்தில் 'எஸ்' என்று போட்டிருக்கும். அதில் அட்டையில் சொல்லியிருக்கிறபடி இரண்டு அல்லது மூன்று சொட்டு, ஒவ்வொன்றாக, நிதானமாக விடுங்கள். கொட்டிவிட்டால் கோடு கலங்கிப் போகும். நடுவில் இருக்கும் ஜன்னலை விரலால் தொடாதீர்கள், அதன் மேல் சொட்டும் விழக்கூடாது.

சொட்டு விட்டதும் அந்த ஜன்னலில் இளஞ்சிவப்பாக ஒரு ஈரம் மெதுவாக நகர்ந்து போவது தெரியும். முதலில் 'டி' என்று எழுதிய இடத்தைக் கடந்து, அப்புறம் 'சி' வரைக்கும் போகும். அது நகரும்போது எல்லா இடமும் சிவப்பாகத் தெரியும், அதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம். போனில் ஐந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள். ஐந்து நிமிடத்தில் பின்னணி வெளுத்து, கோடுகள் மட்டும் நிற்கும். அப்போது படிக்க வேண்டும்.

'சி'யில் மட்டும் ஒரு கோடு என்றால் நெகட்டிவ். 'சி', 'டி' இரண்டிலும் கோடு என்றால் பாசிட்டிவ். 'சி'யில் கோடே வரவில்லை என்றால், 'டி'யில் என்ன வந்திருந்தாலும் அந்த கார்டு செல்லாது. இரண்டாவது கிட் வாங்கி வைக்கச் சொன்னது அதற்கும்தான்.

எல்லோரும் திண்டாடுவது 'டி'யில் வரும் மங்கலான கோட்டில்தான். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறோம், போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறோம், தோழிக்கு அனுப்பி "உனக்குத் தெரியுதா" என்று கேட்கிறோம். சொல்லியிருக்கிற நேரத்துக்குள் வந்த கோடு, லேசாக இருந்தாலும் இளஞ்சிவப்பு நிறம் இருந்தால் பெரும்பாலும் பாசிட்டிவ்தான், ஹார்மோன் இன்னும் குறைவாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று நாள் கழித்து இரண்டாவது கிட்டில், அதே மாதிரி காலை நேரத்தில் பார்த்தால் கோடு அழுத்தமாகத் தெரிய வேண்டும். ஆனால் ஐந்து நிமிடத்தில் ஒன்றும் இல்லாமல், அரை மணி கழித்துக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்க்கும்போது சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் மாதிரி தெரிந்தால் அதை நம்ப வேண்டாம். சிறுநீர் காய்ந்ததால் வரும் தடம் அது. பத்து நிமிடத்துக்கு மேல் ஆன கார்டைப் படிக்கவே கூடாது. பார்த்து முடித்ததும் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போடுங்கள், டாய்லெட்டில் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

சர்க்கரை டெஸ்ட், உப்பு டெஸ்ட், டூத் பேஸ்ட் டெஸ்ட் என்று போனில் வரும் வீடியோக்களை நம்பிக் காலத்தை வீணாக்காதீர்கள். அந்தப் பொருள் எதற்கும் இந்த ஹார்மோனைக் கண்டுபிடிக்கும் சக்தி கிடையாது. பிளீச்சிங் பவுடரில் சிறுநீரைக் கலக்கச் சொல்கிறவர்களும் உண்டு, அது ஆபத்து, அதிலிருந்து வரும் வாயு நுரையீரலைப் பாதிக்கும்.

நெகட்டிவ், ஆனால் பீரியட்ஸும் வரவில்லை

மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் பொறுத்து மறுபடி பாருங்கள். அந்த மாதம் கருமுட்டை தாமதமாக வந்திருக்கலாம், அப்போது எல்லாமே தள்ளித்தான் போகும். இரண்டாவது தடவையும் நெகட்டிவ், இன்னும் வரவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். தைராய்டு, பிசிஓடி, திடீரென்று எடை ஏறியது இறங்கியது, மன அழுத்தம், நைட் ஷிப்ட், இப்படி எத்தனையோ காரணம் இருக்கலாம். ரத்தத்தில் பார்க்கும் பீட்டா ஹெச்சிஜி டெஸ்ட் எண்ணாகவே அளவைச் சொல்லிவிடும்: 5க்குக் கீழே என்றால் கர்ப்பம் இல்லை, 25க்கு மேல் என்றால் பெரும்பாலும் கர்ப்பம், நடுவில் இருந்தால் இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்து ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். மூன்று மாதமாகக் குளிக்கவில்லை, வயிறு கனமாக இருக்கிறது, ஆனால் கார்டு நெகட்டிவ் என்றால் நேராக டாக்டரிடம்தான் போக வேண்டும். ஹார்மோன் மிக அதிகமாக இருந்தாலும் அபூர்வமாக கார்டு தடுமாறும்.

காய்ச்சல் மாத்திரை, ஆன்டிபயாட்டிக், கர்ப்பத்தடை மாத்திரை இவையெல்லாம் முடிவை மாற்றாது. மாற்றக்கூடியது குழந்தைப்பேறு சிகிச்சையில் போடும் ஹெச்சிஜி ஊசி. கார்டு தேடுகிற ஹார்மோனே அதுதான் என்பதால் ஊசி போட்டு இரண்டு வாரம் வரைக்கும் பொய்யாக இரண்டு கோடு வரலாம். சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னால் வீட்டில் பார்க்காமல் இருப்பதே மனசுக்கு நல்லது. சமீபத்தில் கரு கலைந்தவர்களுக்கும், பிரசவம் ஆனவர்களுக்கும் சில வாரம் வரை இப்படி வரும்.

இரண்டு கோடு வந்துவிட்டது

முதலில் ஒன்று. கர்ப்ப வாரத்தைக் கடைசி பீரியட்ஸின் முதல் நாளிலிருந்துதான் எண்ணுவார்கள், சேர்ந்த நாளிலிருந்து இல்லை. 28 நாள் சுழற்சிக்காரருக்கு நாள் தள்ளிய அன்றே டாக்டர் கணக்கில் நான்கு வாரம். இது தெரியாமல் புதுசாகக் கல்யாணம் ஆன வீடுகளில் எவ்வளவு மனக்கசப்பு வருகிறது! கல்யாணம் ஆகி நான்கு வாரம், ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஆறு வாரம் என்று போட்டிருக்கிறது, உடனே மாமியார் முகம் மாறுகிறது, கணவர் பேசாமல் இருக்கிறார், அந்தப் பெண் என்ன சொல்வது என்று தெரியாமல் அழுகிறாள். அந்த முதல் இரண்டு வாரத்தில் கருவே கிடையாது, எண்ணுகிற வசதிக்காகச் சேர்க்கப்படும் வாரங்கள் அவை. வீட்டில் யாராவது விரல்விட்டு எண்ணினால் இதைச் சொல்லிப் புரிய வையுங்கள், அல்லது டாக்டர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்தது, கரு எங்கே இருக்கிறது என்பதை கார்டு சொல்லாது. கருக்குழாயில் ஒட்டியிருந்தாலும் இரண்டு கோடுதான் வரும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றல் அல்லது மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி இவற்றில் எது இருந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், 108க்குப் போன் போடுங்கள். சென்னையில் எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் மூன்றும் பிரசவத்துக்கும் பெண்கள் நலத்துக்குமான அரசு மருத்துவமனைகள்.

அப்படி எதுவும் இல்லை என்றால் அவசரம் இல்லை. ஒன்றிரண்டு வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். மறுநாளே ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாது, அதைப் பார்த்து வீணாகப் பயப்படத்தான் செய்வீர்கள். இதயத்துடிப்பு ஆறு வாரம் வாக்கில்தான் தெரிய ஆரம்பிக்கும். போலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தினமும் எடுக்கத் தொடங்கலாம். வலிப்பு, ரத்த அழுத்தம், தைராய்டு, முகப்பரு எதற்காவது மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள், ஆனால் வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தொடரப் போகிறீர்கள் என்றால் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சுகாதார நிலையத்தில் சீக்கிரம் பதிவு செய்துவிடுங்கள். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கும் பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வேண்டும், பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அதைக் கேட்பார்கள். தகுதி உள்ளவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய் மதிப்புக்குக் கிடைக்கிறது, அதற்கும் முதல் 12 வாரத்துக்குள் பதிவு செய்திருப்பது முக்கியம்.

தொடர வேண்டாம் என்று நினைப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கருக்கலைப்பு இந்தியாவில் சட்டப்படி செய்துகொள்ளக்கூடிய ஒன்று. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும், சில சூழ்நிலைகளில் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் ஒப்புதலோடு செய்யலாம். கல்யாணம் ஆகாத பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 18 வயது முடிந்தவராக இருந்தால் உங்கள் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்தோ அப்பா அம்மா கையெழுத்தோ சட்டம் கேட்கவில்லை. உங்கள் விவரத்தை வெளியே சொல்வதும் குற்றம். மாத்திரையால் கலைப்பது ஒன்பது வாரம் வரைக்கும்தான், அதையும் டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். யாரோ ஒருவர் மூலமாகக் கடையில் மாத்திரை வாங்கித் தனியாக ரூமில் போட்டுக்கொள்ளாதீர்கள், கரு குழாயில் இருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது, உள்ளே வெடிக்கும் ஆபத்து அப்படியே இருக்கும். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள், ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைகிறது என்றால், யார் என்ன கேட்பார்களோ என்று யோசிக்காமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், என்ன மாத்திரை, எப்போது போட்டீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.